கொள்ளுத்தாத்தா சேர்ந்த ‘விக்டோரியன் போலீஸ்’ எது? ஆள்சேர்ப்புப் பதிவை எங்கே தேடுவது?

வைகைக்கரையாள் (மெல்பர்ன்)

எல்லோருக்கும் வணக்கம். நான் மதுரைப் பெண், பதினாறு வருடமாக மெல்பர்னில் இருக்கிறேன். கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், அவர்கள் குடும்பத்துக்குப் பூர்வீகம் அயர்லாந்து. அவருடைய அம்மாவுக்கு 79 வயது. பெயர் சொல்லிக் கூப்பிடு என்பார், எனக்கு வரவில்லை. அத்தை என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன், அவருக்கும் அது பிடித்துவிட்டது.

அத்தையிடம் ஒரு பழைய குடும்ப பைபிள் இருக்கிறது. முதல் பக்கத்தில் பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாம் பல பேர் கையெழுத்தில் இருக்கின்றன. அத்தையின் கொள்ளுத்தாத்தா பெயருக்கு எதிரே ‘விக்டோரியன் போலீஸில் சேர்ந்தார்’ என்று ஒரே ஒரு வரி. வருடமும் இல்லை, ஊரும் இல்லை.

வீட்டில் மூன்று கதைகள் உலவுகின்றன. அத்தையின் தம்பி, அவர் லண்டனில் போலீஸாக இருந்தவர் என்கிறார். அத்தை, தங்கம் தோண்ட வந்து ஒன்றும் கிடைக்காமல் இங்கே போலீஸில் சேர்ந்தவர் என்கிறார். இன்னொரு உறவினர், போலீஸாரைக் கொன்ற கொள்ளைக்காரன் நெட் கெல்லியைத் துரத்திய படையில் இருந்தார் என்று சத்தியம் செய்கிறார். பேரோ, அயர்லாந்தில் தெருவுக்கு நாலு பேர் வைத்திருக்கும் பேர்.

அத்தைக்குப் போன மாதம் இதய அறுவை சிகிச்சை நடந்தது. மருத்துவமனையிலிருந்து வந்ததும் அவர் எடுத்துப் பார்த்த முதல் பொருள் அந்த பைபிள்தான். கொள்ளுத்தாத்தா எப்போது, எந்த வயதில், எப்படிப் போலீஸில் சேர்ந்தார் என்பதைக் கண்டுபிடித்து அத்தை கையில் கொடுக்க வேண்டும். எங்கே தொடங்குவது?

லண்டன்குளிர் (குரோய்டன்)

சகோதரி, லண்டன் என்றால் நான் உதவ முடியும். லண்டன் மாநகரப் போலீஸ் 1829 செப்டம்பர் 29 அன்று முதன்முதலாக ரோந்து இறங்கியது. ராபர்ட் பீல் சட்டம் கொண்டுவந்தார். சார்லஸ் ரோவன், ரிச்சர்ட் மேய்ன் இருவரும் முதல் கமிஷனர்கள். சேர வருபவருக்கு 35 வயதுக்குள் இருக்க வேண்டும், உயரம் குறைந்தது 5 அடி 7 அங்குலம், எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், நன்னடத்தைக்கு யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். சம்பளம் வாரம் 21 ஷில்லிங், அதிலும் பிடித்தம் உண்டு. நகரத்துப் பையன்களைவிட கிராமத்து விவசாயக் கூலிகளைத்தான் அதிகம் விரும்பி எடுத்தார்கள்.

ஆவணங்கள் லண்டனில் கியூ (Kew) என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எம்.இ.பி.ஓ. 4 என்ற வரிசையில் சேர்ந்தவர்களின் அகரவரிசைப் பதிவேடு 1830 முதல் 1857 வரையும், மறுபடி 1878 முதலும் கிடைக்கிறது. நடுவில் இருபது வருட ஓட்டை. அந்தக் காலத்தில் சேர்ந்தவர் என்றால் எம்.இ.பி.ஓ. 21-இல் ஓய்வூதியக்காரர் பதிவுகளைப் பார்க்க வேண்டும். அது 1852-இல் தொடங்குகிறது. பிறந்த ஊர், அங்க அடையாளம், பெற்றோர் பெயர் வரை அதில் வரும். ஆனால் ஓய்வூதியம் உரிமையாக ஆனது 1890 சட்டத்துக்குப் பிறகுதான். அதற்கு முன்னால் விலகிப்போன பலருக்கு அங்கே தடயமே இருக்காது.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ‘வாரண்ட் நம்பர்’ ஒருவருக்கு ஒன்றுதான், கடைசிவரை மாறாது. காலரில் இருக்கும் எண்ணோ டிவிஷன் மாறினால் மாறிவிடும். பழைய போட்டோவில் காலர் எண்ணைப் பார்த்து ஆளைத் தேடி ஏமாந்தவர்கள் நிறைய.

பழுப்புத்தாள் (டான்டினாங், மெல்பர்ன்)

தங்கச்சி, லண்டன் தம்பி சொன்னதெல்லாம் சரி. ஆனால் அந்த வரியை முதலில் இன்னொரு தரம் வாசித்துப் பாரும். ‘விக்டோரியன் போலீஸ்’ என்றுதானே கிடக்குது? விக்டோரியா ராணி காலத்தில் வாழ்ந்த ஒருவரும் தன்னை ‘விக்டோரியா காலத்துப் போலீஸ்’ என்று எழுதியிருக்க மாட்டார். அந்தச் சொல் பிறகு வந்தவர்கள் அந்தக் காலத்துக்கு வைத்த பெயர். அவர் வேலை லண்டனில் என்றால் ‘மெட்ரோபாலிடன்’ என்று எழுதியிருப்பார்கள். இங்கே இருந்து எழுதுகிறவருக்கு ‘விக்டோரியன்’ என்றால் விக்டோரியாக் காலனி. 1851 ஜூலை 1-இல் நியூ சவுத் வேல்ஸிலிருந்து பிரிந்தது. என்ர கணிப்பு அதுதான்.

லண்டன் கதையை முழுக்கத் தள்ளவும் வேண்டாம். 1851-இல் தங்கம் கண்டுபிடித்ததும் மெல்பர்ன் போலீஸ்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டுத் தோண்டப் போய்விட்டார்கள். 1852 தொடக்கத்தில் நகரத்தின் நாற்பது கான்ஸ்டபிள்களில் இரண்டே பேர்தான் மிச்சம் என்று சொல்லுவார்கள். தாஸ்மேனியாவிலிருந்து ஓய்வுபெற்ற சிப்பாய்களைக் கொண்டுவந்து நிறுத்திப் பார்த்தார்கள், சரிவரவில்லை. 1853 ஜனவரியில் சிதறிக் கிடந்த படைகளை எல்லாம் ஒன்றாக்கி விக்டோரியா போலீஸை அமைத்தார்கள். முதல் தலைமை ஆணையர் வில்லியம் மிட்செல். அந்த வருடமே சாமுவேல் ஃப்ரீமன் என்ற இன்ஸ்பெக்டர் தலைமையில் ஐம்பதுக்குச் சற்று மேற்பட்ட போலீஸார் லண்டனிலிருந்து கப்பலில் வந்து இறங்கினார்கள். உங்கள் ஆள் அதில் ஒருவராகவும் இருக்கலாம்.

அதற்கு முதல் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்குது. போலீஸ் பதிவேட்டைத் தொடாதேயும். முதலில் அவருடைய பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை எடும். விக்டோரியாவில் 1853 ஜூலை 1 முதல் அரசாங்கப் பதிவு நடக்கிறது. அந்தக் காலச் சான்றிதழ்கள் வேறு இடங்களில் உள்ளதைவிட விரிவானவை. தகப்பனின் தொழில், வயது, பிறந்த இடம், கல்யாணம் நடந்த ஊரும் வருடமும் எல்லாம் ஒரே தாளில் வரும். நூறு வருடத்துக்கு முற்பட்ட பிறப்புப் பதிவின் நகலை இணையத்திலேயே காசு கட்டி இறக்கலாம்.

ஓய்வுஏட்டு (திருநெல்வேலி)

34 வருடம் காவல்துறையில் இருந்தவன், ஏட்டாக ஓய்வுபெற்றேன். லண்டனும் தெரியாது, மெல்பர்னும் தெரியாது. ஆனால் போலீஸ்காரனுக்கு சர்வீஸ் புக் என்று ஒன்று எந்த நாட்டிலும் இருந்திருக்கும் அம்மா. எங்கள் புத்தகத்தில் முதல் பக்கத்தில் உயரம், மச்சம், தழும்பு எல்லாம் இருக்கும். ஒரே பேரில் ஒரே ஸ்டேஷனில் மூன்று முருகன் இருந்திருக்கிறோம். பேரை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது, உயரத்தையும் பிறந்த ஊரையும் வைத்துத்தான் பிடிக்க வேண்டும். பேர் பொருந்திவிட்டது என்று அவசரப்பட வேண்டாம்.

வைகைக்கரையாள்

ஏட்டையா சொன்னதை நான் இரண்டு நாள் முன்பே படித்திருக்க வேண்டும். பேரும் வருடமும் பொருந்துகிறது என்று ஒரு இறப்புச் சான்றிதழை வாங்கிவிட்டேன். வந்து பார்த்தால் அவர் கோர்க் மாவட்டத்துக்காரர், தொழில் செருப்புத் தைப்பவர், மனைவி பெயரும் வேறு. அதை அத்தையிடம் காட்டவில்லை.

பிறகு பழுப்புத்தாள் அண்ணன் சொன்னபடி பைபிளில் இருக்கும் மூத்த பிள்ளையின் பெயரை வைத்துத் தேடினேன். கிடைத்துவிட்டது! 1866, பல்லாரட் ஈஸ்ட். தகப்பன் தொழில்: போலீஸ் கான்ஸ்டபிள். வயது 28. பிறந்த இடம்: அயர்லாந்து, கிளேர் மாவட்டம். கல்யாணம்: 1864, ஜீலாங். தாயின் பெயர் பைபிளில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறது.

அப்படியானால் 1838 வாக்கில் பிறந்தவர். ஃப்ரீமன் கூட்டம் வந்த 1853-இல் அவருக்கு வயது 15. லண்டன் போலீஸ் கதை இதோடு முடிந்தது. அத்தை தம்பியிடம் இதைச் சொல்ல வேண்டிய வேலை எனக்கு.

இன்னொன்றும் மனதை என்னவோ செய்தது. 1838-இல் கிளேரில் பிறந்த பிள்ளைக்கு 1845-இல் ஏழு வயது. உருளைக்கிழங்கு நோய் வந்து பெரும் பஞ்சம் தொடங்கிய வருடம் அது. அதைத் தாண்டி உயிரோடு வந்திருக்கிறார்.

பழுப்புத்தாள்

நல்ல வேலை தங்கச்சி. கிளேர் என்றதும் எனக்கு ஒரு யோசனை வருது. 1860-களிலும் 70-களிலும் விக்டோரியா போலீஸில் பெரும்பான்மை ஐரிஷ்காரர். அதில் கனபேர் அங்கே ஐரிஷ் கான்ஸ்டாபுலரியில், அதாவது அயர்லாந்துப் போலீஸ் படையில், வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். ஆஸ்திரேலியக் கண்டத்தைக் குறுக்காகக் கடக்கப் போய் 1861-இல் இறந்த ராபர்ட் ஓ’ஹாரா பர்க்கூட அப்படித்தான். அயர்லாந்தில் கான்ஸ்டாபுலரி அதிகாரி, இங்கே பீச்வர்த், காசில்மெயின் ஊர்களில் போலீஸ் அதிகாரி.

அயர்லாந்தில் ஆளைத் தேடுவது என்பது வேறு மாதிரி வலி. 1821 முதல் 1851 வரையான கணக்கெடுப்புத் தாள்களில் பெரும்பகுதி 1922-இல் டப்ளினில் ஆவணக் காப்பகம் இருந்த ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் எரிந்து போயின. 1861, 1871 தாள்களை அரசாங்கமே அழித்தது. யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைச் சின்ன வயதில் கேட்டு வளர்ந்தவன் நான். ஃபோர் கோர்ட்ஸ் பற்றி முதல் தரம் வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

ஆனால் ஒன்று தப்பியது. ஐரிஷ் கான்ஸ்டாபுலரியின் பணிப்பதிவேடுகள் லண்டனில் இருக்கின்றன. கியூவில், எச்.ஓ. 184 என்ற வரிசை, 1816 முதல் 1922 வரை. ஒரு ஆளுக்கு ஒரு வரிதான். அந்த ஒரு வரிக்குள் சேர்ந்த தேதி, வயது, உயரம், மதம், சொந்த மாவட்டம், முன்பு செய்த தொழில், யாருடைய சிபாரிசில் எடுத்தார்கள், எந்தெந்த மாவட்டத்தில் போட்டார்கள், ஏன் விலகினார் எல்லாம் இருக்கும். சொந்த மாவட்டத்திலும், கல்யாணம் கட்டினால் மனைவியின் மாவட்டத்திலும் வேலைக்குப் போடமாட்டார்கள். ஏழு வருடச் சேவை முடியாமல் கல்யாணம் செய்யவும் விடமாட்டார்கள். அந்த நாளில் பெயருக்கு முன்னால் ‘ராயல்’ கிடையாது, அது 1867-இல்தான் வந்தது. தேடும்போது ‘ராயல்’ போட்டுத் தேடிக் குழம்பாதேயும்.

லண்டன் தம்பி, கியூ உமக்குப் பக்கம்தானே?

லண்டன்குளிர்

பக்கம் இல்லை அண்ணா, ஆனால் சனிக்கிழமை போகிறேன். சகோதரி, பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், இங்கே போட வேண்டாம். கிளேர், கத்தோலிக்கர், 1838 பிறப்பு, மூன்றும் பொருந்தினால் மட்டும் எடுக்கிறேன்.

கொடிவழி (சிங்கப்பூர்)

நடுவில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் மருமகனின் பாட்டனார் 1895 வாக்கில் லண்டன் போலீஸில் சேர்ந்தவராம். அவருக்கு எது?

லண்டன்குளிர்

உங்களுக்கு வேலை எளிது. எம்.இ.பி.ஓ. 4-இலேயே 1889 முதல் 1909 வரை பணிச்சான்றிதழ்கள் இருக்கின்றன. முந்தைய முதலாளி யார் என்பதுகூட இருக்கும். ஆனால் ‘சிட்டி ஆஃப் லண்டன்’ போலீஸ் தனிப்படை, இதில் வராது. லண்டனுக்கு வெளியே என்றால் அந்தந்த மாவட்ட ஆவணக் காப்பகம்தான். மாவட்டங்கள் எல்லாம் போலீஸ் வைத்தே ஆக வேண்டும் என்று ஆனது 1856 சட்டத்துக்குப் பிறகு. தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசுவோம்.

லண்டன்குளிர்

போய்வந்தேன். எச்.ஓ. 184 மைக்ரோஃபிலிமில் பார்க்க வேண்டியிருந்தது. அதே பேரில் ஒரு பத்து வருடத்துக்குள் பதினோரு பேர். கிளேரைச் சேர்ந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் 1851-இல் சேர்ந்திருக்கிறார், வயது பொருந்தவில்லை. மற்றவர் 1857-இல் சேர்ந்திருக்கிறார், வயது 19, உயரம் 5 அடி 9 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், கத்தோலிக்கர், தொழில் என்ற இடத்தில் விவசாயக் கூலி. சிபாரிசு செய்தவர் உள்ளூர் மாஜிஸ்திரேட். முதல் போஸ்டிங் டிப்பரரி. 1861-இல் விலகல். காரணம் என்ற கட்டத்தில் ‘வெளிநாடு குடியேற’. இரண்டு வார்த்தைதான் எழுதியிருக்கிறது.

இவர்தான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். இங்குள்ள உயரமும் அங்குள்ள உயரமும் ஒத்துப்போனால் நம்பலாம்.

வைகைக்கரையாள்

லண்டன்குளிர் அண்ணா, முகம் தெரியாத எனக்காக ஒரு சனிக்கிழமையைக் கொடுத்தீர்கள். எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

இங்கே காவல்துறை அருங்காட்சியகத்துக்கு எழுதியிருந்தேன். பணிப்பதிவின் நகல் நேற்று வந்தது. ஒற்றைத் தாள், இரண்டு பக்கம். சேர்ந்தது 1862 மார்ச். பிறந்த இடம் கிளேர். மதம் கத்தோலிக்கம். உயரம் 5 அடி 10. பத்தொன்பது வயதில் 5 அடி 9-க்கு மேல் இருந்தவர் இருபத்துநான்கில் 5 அடி 10. முந்தைய வேலை என்ற இடத்தில் ‘ஐரிஷ் கான்ஸ்டாபுலரி, நான்கு வருடம்’. இதற்கு மேல் என்ன வேண்டும்!

தங்கம் தோண்ட வந்து ஏமாந்து போலீஸ் ஆனவர் என்ற அத்தையின் கதையும் இதில் ஆடிப்போகிறது. கிளம்பும்போதே அவர் போலீஸ்காரர். நடுவில் சில மாதம் தோண்டிப் பார்த்தாரா என்பதற்கு இந்தத் தாளில் ஒன்றும் இல்லை.

கெல்லி கதையும் போய்விட்டது. ஸ்ட்ரிங்கிபார்க் கிரீக்கில் கெல்லி கும்பலால் மூன்று போலீஸார் கொல்லப்பட்டது 1878 அக்டோபர் 26, கெல்லி பிடிபட்ட கிளென்ரோவன் முற்றுகை 1880 ஜூன். அந்த இரண்டு வருடமும் இவர் ஜீலாங்கில் நடைரோந்துக் கான்ஸ்டபிள். கெல்லி திரிந்த வடகிழக்குப் பக்கம் போனதாக ஒரு டிரான்ஸ்ஃபரும் இல்லை. அந்த உறவினருக்கு வருத்தம்தான். ஆனால் கொல்லப்பட்ட கென்னடி, லோனிகன், ஸ்கேன்லன் மூன்று பேருமே அயர்லாந்தில் பிறந்தவர்கள். ஜீலாங்கில் இருந்தாலும் அந்தச் செய்தி இவர் வீட்டுக்குள் எப்படி வந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

தண்டனைப் பகுதியில் ஒரு வரி: 1869, ரோந்துப் பாதையில் இல்லாமல் போனதற்கு 10 ஷில்லிங் அபராதம். அத்தை அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அந்த வருடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பைபிளை எடுத்துப் பார்த்தோம். அந்த வருடம் அவர்களின் இரண்டாவது குழந்தை மூன்று வாரத்தில் இறந்திருக்கிறது.

ஓய்வுஏட்டு

அம்மா, அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கியது. மெமோவில் காரணம் எழுத இடம் இருக்காது. எனக்கும் அப்படி ஒரு மெமோ உண்டு. என் அப்பாவுக்குக் கடைசி மூச்சு இழுத்துக்கொண்டிருந்த இரவு.

சொந்த மாவட்டத்தில் போடமாட்டார்கள் என்று அண்ணாச்சி எழுதியதைப் பார்த்தேன். நாங்கள் காலம் காலமாகக் கேட்டுப் பழகிய பேச்சு அது. அது எங்கிருந்து வந்தது என்று எங்கள் டிரெயினிங்கில் ஒரு அதிகாரி சொன்னார். சிந்துவில் 1843-இல் பிரிட்டிஷ் தளபதி சார்லஸ் நேப்பியர் போலீஸ் அமைத்தபோது ஐரிஷ் கான்ஸ்டாபுலரியைத்தான் மாதிரியாக வைத்துக்கொண்டாராம். அந்த வழியில்தான் 1859-இல் மதராஸ் போலீஸ் சட்டம், 1861-இல் இந்தியப் போலீஸ் சட்டம். ஊர்க்காரனை ஊருக்குப் போடாதே, துப்பாக்கியோடு லைனில் வை, மேலிடத்துக்கு மட்டும் பதில் சொல்ல வை. உங்கள் வீட்டுப் பெரியவர் 1857-இல் போட்ட சட்டைக்கும் நான் போட்ட சட்டைக்கும் ஒரே தையல்காரன்.

ஒன்று கேட்கலாமா? பஞ்சத்தில் பிழைத்த பையன் ஏன் அந்தப் படையில் போய்ச் சேர்ந்தார்? வாடகை கட்டாத குடியானவர்களை வீட்டைவிட்டு வெளியேற்றும்போது காவலுக்கு நின்றது அந்தப் படைதானே?

வைகைக்கரையாள்

ஐயா, இதே கேள்வியைத்தான் அத்தையும் கேட்டார். பதில் எழுதி வைத்தவர் யாரும் இல்லை. பதிவேட்டில் இருப்பது ‘விவசாயக் கூலி’ என்ற தொழிலும், ‘மாஜிஸ்திரேட்’ என்ற சிபாரிசும்தான். நிலம் இல்லாத வீட்டுப் பையனுக்கு மாதச் சம்பளம், பூட்ஸ், மூன்று வேளைச் சாப்பாடு. வேறு வழி அமெரிக்கா போகும் கப்பல். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் நாலே வருடத்தில் விலகியதை மட்டும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஏழு வருடம் இருந்திருந்தால் கல்யாணத்துக்கு அனுமதி கிடைத்திருக்கும். டிப்பரரியில் என்ன பார்த்தாரோ.

பழுப்புத்தாள்

தங்கச்சி, 1862 மார்ச் என்ற தேதியில் ஒரு விஷயம் இருக்குது. 1861-இல் நியூசிலாந்தின் ஒட்டாகோவில் தங்கம் கண்டார்கள். அங்கே புதுப் போலீஸ் அமைக்க இங்கிருந்து செயின்ட் ஜான் பிரானிகன் என்ற அதிகாரியை அழைத்தார்கள். அவர் விக்டோரியா போலீஸிலிருந்து ஆட்களையும் கூட்டிக்கொண்டு போனார். தோண்டுவதற்கென்று போனவர்கள் வேறு. அந்த வெற்றிடத்தில் அனுபவம் உள்ள ஐரிஷ் பொடியனை இவர்கள் கெதியாக எடுத்திருப்பார்கள் என்பது என்ர ஊகம். ஊகம் என்றே எழுதி வையும், பைபிளில் உண்மையாக ஏற்றிவிடாதேயும்.

புதிதாகச் சேர்ந்தவர்களைப் பயிற்சிக்கு ரிச்மண்ட் டெப்போவில் வைப்பார்கள். எம்.சி.ஜி. மைதானம் நிற்கிற யாரா பூங்காப் பக்கம் அந்த நாளில் போலீஸ் குதிரைகளின் மேய்ச்சல் நிலம். கிரிக்கெட் பார்க்க எத்தனை தரம் போயிருப்பீர்கள்!

மிச்சம் இருப்பது கப்பல். வடக்கு மெல்பர்னில் உள்ள விக்டோரியா பொது ஆவணக் காப்பகத்தின் பயணிகள் பட்டியலைப் பாரும். இரண்டு வகை உண்டு. அரசாங்க உதவியோடு வந்தவர்கள் பட்டியல் 1871 வரை, சொந்தக் காசில் வந்தவர்கள் பட்டியல் 1852 முதல். இரண்டிலும் தேடும், இணையத்தில் இலவசம். எழுத்துப்பிழையோடும் தேடும், கப்பல் எழுத்தர்கள் காதில் விழுந்ததைத்தான் எழுதினார்கள். அதோடு பழைய ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் உள்ள ட்ரோவ் தளத்தில் பல்லாரட் ஸ்டார் பத்திரிகையை 1862 முதல் பாரும், 1864 வரை அதன் பெயர் வெறும் ‘ஸ்டார்’. கான்ஸ்டபிள் என்றால் கோர்ட்டில் சாட்சி சொல்லாமல் இருந்திருக்க முடியாது.

வைகைக்கரையாள்

நேற்று இரவே தேடினேன் அண்ணா. 1861 நவம்பருக்கும் 1862 பிப்ரவரிக்கும் நடுவில் சொந்தக் காசில் வந்தவர்களில் அதே பேரில் இரண்டு பேர், இருவருக்கும் வயது 23, இருவரும் ஐரிஷ். ஒருவர் லிவர்பூல் கப்பலில் தனியாக வந்திருக்கிறார். இன்னொருவர் தங்கை என்று தோன்றும் ஒரு பெண்ணோடு வந்திருக்கிறார். பைபிளில் அவருக்கு அக்கா, தங்கை யாரும் இல்லை. ஆனால் அத்தை ஒன்று சொன்னார்: சின்ன வயதில், ஜீலாங்கில் கன்னியாஸ்திரியாக இருந்த ஒரு ‘பெரிய அத்தை’ கல்லறைக்குப் பூ வைக்கப் போவார்களாம். அந்த அம்மாள் யாருடைய தங்கை என்று அப்போது கேட்டுக்கொள்ளவில்லையாம்.

வியாழக்கிழமை அத்தையைக் கூட்டிக்கொண்டு ஜீலாங் போகிறேன். டாக்டர் ஒரு மணி நேரப் பயணத்துக்கு ஒப்புக்கொண்டார். கல்லறையில் மாவட்டத்தின் பெயர் இருந்தால் உடனே இங்கே எழுதுகிறேன்.